கூடைப்பந்தும் எங்கள் வளவும்

1

எங்கப்பன் கூடைப்பந்து ஆடியதில்லை. ஆனால் நான் படித்த பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து வளையத்தை எனக்கு முன்பே தொட்டவர் அவர்தான். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த விளையாட்டின் வரலாற்றை என்னால் எழுத முடியாது.

2002ஆம் வருசம். நான் ஏழாம் வகுப்பு. வெண்ணந்தூரில் எங்கள் வளவைச் சுற்றி எந்நேரமும் தறிச்சத்தம். தறி வைத்திருந்தவர்கள் வேறு, நாங்கள் வேறு. அப்பன் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சாக்கு விரித்துச் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரில் நான் படித்த பள்ளிக்கூடத்து ஃபுட்பால், வாலிபால் எல்லாம் தையல் விட்டுப்போனால் அவரிடம்தான் வரும். நூல்முனையை எச்சில் தொட்டு முறுக்கி ஊசியில் கோத்துத் தைத்துக் கொடுப்பார். அந்தப் பந்தைத் தலையால் முட்டி ஆடிய பசங்களில் எல்லா சாதியும் உண்டு. எச்சில் பட்ட நூல் என்று ஒருவரும் கழுவிவிட்டு ஆடியதில்லை.

ஒருநாள் கூடைப்பந்து வளையத்தின் வலை கிழிந்துபோயிற்று. புது வலை வாங்கக் காசில்லை. பி.டி. மாஸ்டர் பழைய வலையை எடுத்துக்கொண்டு போய், "ஏப்பா, இதே மாதிரி ஒண்ணு முடிஞ்சு குடுக்க முடியுமா உன்னால?" என்று கேட்டிருக்கிறார். "முடிஞ்சரலாஞ் சாமி. நூலுக்கு மட்டும் காசு குடுங்க போதும்" என்றாராம் அப்பன். இரண்டு ராத்திரி மெழுகு நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டு வலை தயாரானது. கட்டிவிட்டுப் போகச் சொல்லி அவரையே வரவழைத்தார்கள். ஏணி போட்டு ஏறினார். பன்னிரண்டு கொக்கி. ஒவ்வொன்றிலும் கண்ணியை மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். கீழே காலடியில் பந்து கிடந்தது. குனிந்து எடுத்தார்.

"அதை வச்சிட்டு வா" என்று சத்தம் வந்தது. வைத்துவிட்டார்.

இருபது ரூபாய் கூலி. அது கைக்கு வரவில்லை. சிமெண்டுத் திண்டின் மேல் வைக்கப்பட்டது. எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். "சக்கிலி மரமேறி எறங்குறான்டா" என்று ஒருத்தன் சொல்ல, சுற்றி நின்ற பசங்க சிரித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் அப்பன் என்று நான் சொல்லவில்லை. சிரித்தேனா என்று கேட்டால், இன்றுவரை எனக்கே தெளிவாக ஞாபகம் இல்லை. அவர் என்னைப் பார்த்தார் என்பது மட்டும் தெரியும். வீட்டுக்குப் போனதும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "பந்து உள்ள விழுந்தா வலை எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்தக் கேள்வி இன்றைக்கும் தெலுங்கில்தான் என் காதில் கேட்கிறது.

பந்து வளையத்தில் படாமல் நேராக வலைக்குள் இறங்கும்போது 'சர்ர்க்' என்று ஒரு சத்தம் வரும். கூடைப்பந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இந்த ஆட்டத்துக்கு அடிமையானேன். ஐந்தடி நாலங்குலத்துக்கு மேல் வளராத எனக்கு ஆட்டக்காரனாகும் யோகம் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பவனாகவே இருபத்து நான்கு வருசம் போய்விட்டது.

2

கூடைப்பந்து யார் கொண்டுவந்த ஆட்டம்? அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இதைத் தொடங்கினார். பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்கு உள்ளேயே ஆட ஒன்று வேண்டியிருந்தது. பதின்மூன்று விதிகளை எழுதினார். பதினெட்டு மாணவர்கள், பக்கத்துக்கு ஒன்பது பேர். இவ்வளவும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒரு ஆள். நெய்ஸ்மித் கேட்டது கூடை அல்ல, பெட்டி. சதுரமாக இரண்டு பெட்டி இருக்கிறதா என்று கட்டடத்தைப் பராமரித்துவந்த ஸ்டெபின்ஸ் என்பவரிடம் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடை இரண்டு இருக்கிறது என்று அவர் எடுத்துக் கொடுத்தார். அதைப் பத்தடி உயரத்து மாடக் கைப்பிடியில் அடித்தார்கள். அந்த உயரம் இன்றுவரை மாறவில்லை. ஆட்டத்துக்குப் பெயர் வந்தது அந்தத் தொழிலாளி கொடுத்த கூடையிலிருந்துதான். அடிப்பாகம் மூடிய கூடை என்பதால், பந்து விழும் ஒவ்வொரு முறையும் ஒருவர் ஏணியில் ஏறி எடுத்துப் போட வேண்டும். முதல் கூடையைப் போட்ட மாணவனின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ஏணியில் ஏறி இறங்கியவரின் பெயரை நான் எங்கும் படித்ததில்லை. இதைப் படித்த அன்று எனக்கு அப்பன் ஞாபகம்தான் வந்தது.

நம் பக்கம் இந்த ஆட்டத்தைப் பரப்பியதும் ஒய்.எம்.சி.ஏ.தான். ஸ்ப்ரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். சைதாப்பேட்டை, நந்தனம் என்று நாம் அறிந்த அந்தக் கல்லூரியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மாகாணம் முழுக்கப் பள்ளி கல்லூரிகளுக்குப் போனார்கள். அவர்கள் போன இடமெல்லாம் ஆட்டமும் போனது. 1934இல் தில்லியில் முதல் தேசியப் போட்டி. 1950இல் இந்தியக் கூட்டமைப்பு. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய அணி ஆடியது.

இந்த ஆட்டம் போன வழியைக் கவனிக்க வேண்டும். கபடிக்கு மண்ணும் மூச்சும் போதும். எங்கள் வளவில் ராத்திரி நிலா வெளிச்சத்தில் கபடி ஆடியிருக்கிறோம். கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் சமதளம் வேண்டும். சிமெண்டு வேண்டும். இரும்புக் கம்பம், பலகை, வளையம், துள்ளும் பந்து எல்லாம் வேண்டும். ஆகவே இது தெருவில் வளரவில்லை, காம்பவுண்டுச் சுவருக்குள் வளர்ந்தது. சுவருக்குள் யாரை விட்டார்களோ அவர்கள் கைக்குத்தான் பந்து போனது.

அந்தக் காலத்தில் சுவருக்குள் யார் இருந்தார்கள்? ஆல்காட் 1894இல் சென்னையில் பஞ்சமர் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. 1920களில் அரசின் தொழிலாளர் துறை நம் பிள்ளைகளுக்கென்று தனிப்பள்ளிகள் நடத்தியது. பொதுப்பள்ளியின் கதவு திறந்திருந்தால் இவையெல்லாம் எதற்கு? பந்து மாகாணம் முழுக்கப் பயணப்பட்ட அதே இருபது முப்பது வருசங்களில், நம்மவர்கள் வகுப்பறைத் திண்ணையில் உட்காரவே போராடிக்கொண்டிருந்தார்கள். கூடைப்பந்தில் தலித்துகள் ஏன் குறைவு என்று கேட்பவர்கள் உயரத்தைப் பற்றிப் பேசுவார்கள், சத்துணவைப் பற்றிப் பேசுவார்கள். சுவரைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

3

2007இல் கல்லூரிக்குப் போனேன். ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம். 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு அடுத்த வருசம் எம்.ஏ. தமிழில் சேர்ந்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன் தொல்காப்பியம் படிக்கிறானாம் என்று நக்கல் செய்தவர்களும் உண்டு. அது வேறு கதை.

கல்லூரியில் சிமெண்டுத் தளம் இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஸ்கோர் ஷீட் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். ரசிகனுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் எழுத வேண்டும். யார் போட்டது, யார் தப்பாட்டம் ஆடியது, எந்த நிமிசத்தில் ஆட்டம் திரும்பியது எல்லாம் என் கையால் பதிவாகும். விடுதியில் என் அறைத்தோழன் ஒருவன் அணியில் இருந்தான். தூரத்திலிருந்து போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவன் குதித்துக் கையை விட்டுவிட்டால் நான் பந்தைப் பார்க்க மாட்டேன், உடனே எழுதத் தொடங்கிவிடுவேன்.

களத்துக்குள் தீண்டாமை இருந்ததா என்று கேட்டால், பார்வைக்குத் தெரியாது. பந்து கைக்குக் கை மாறும். வியர்வை வழிய ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுவான். தண்ணீரை எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்பார்கள், அதனால் யார் யாருக்காக அண்ணாந்து குடிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் ஜெயித்துவிட்டு அணி முழுக்க ஒரு ஆட்டக்காரனின் கிராமத்துக்கு விருந்துக்குப் போனது. அங்கே என் தோழனுக்கு மட்டும் இலை தாழ்வாரத்தில் போடப்பட்டது. "இங்க காத்தா இருக்கும், உக்காரு கண்ணு" என்றார்களாம். அன்றைக்கு அவன் 22 புள்ளி போட்டிருந்தான். அந்த ஸ்கோர் ஷீட்டை எழுதியவன் நான். உள்ளே உட்கார்ந்த ஒருவரும் எழுந்து வெளியே வரவில்லை. அவன் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்துவிட்டான். அடுத்த வாரம் ஷூவை விற்றுவிட்டான். அணியிலிருந்து ஏன் நின்றான் என்று கேட்டவர்களுக்கு, "முட்டி வலி" என்று சொன்னான். என் ஸ்கோர் ஷீட்டில் அவன் புள்ளிகள் மட்டும்தான் இருக்கின்றன. இலை போட்ட இடம் அதில் இல்லை.

இதே கதை நூறு வருசத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. பல்வங்கர் பாலு சமார் சாதியில் பிறந்தவர், தோல் தொழில் செய்த சாதி. புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு வேலை பார்த்தார். ஆடுகளத்தைச் சமப்படுத்துவது, கோடு போடுவது, பயிற்சிக்கு வலை கட்டுவது. வலை கட்டியவரின் கைக்குப் பந்து வந்தபோது அவரைப் போலப் பந்துவீச நாட்டில் ஆளில்லை என்று தெரிந்தது. இந்துக்களின் அணிக்கு அவர் தேவைப்பட்டார். களத்தில் எல்லோரும் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குக் கட்டடத்துக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண்குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். ஆனாலும் அவரை அணித்தலைவராக்கவில்லை. அவர் தம்பி விட்டல் 1923இல்தான் அந்த இடத்துக்கு வந்தார். பந்துக்கு ஒரு நியாயம், குவளைக்கு ஒரு நியாயம். இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

4

எம்.ஏ. படிக்கும்போது கறுப்பிலக்கியத்தையும் தலித் இலக்கியத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அதற்காகப் படிக்கப்போய்த்தான் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது.

ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர் 1933இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். கூடைப்பந்தைத் தொடங்கிய நெய்ஸ்மித்தே அங்கே அவருக்கு ஆசிரியர், ஆதரவாகவும் இருந்தார். ஆனால் பல்கலைக்கழக அணியில் மெக்லெண்டன் ஆட முடியாது. கறுப்பர். பாடத்தில் நீச்சலும் உண்டு. அவர் குளத்தில் இறங்கி நீந்தியபின் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு மகாடு நினைவு வந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் பசுஞ்சாணியும் கோமியமும் ஊற்றி அந்தக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். இரண்டு நாடு, இரண்டு குளம். அங்கே வடித்தார்கள், இங்கே ஊற்றினார்கள்.

ஆட முடியாத மெக்லெண்டன் பயிற்சியாளரானார். வட கரோலினா மாநிலத்து டர்ஹம் நகரில் கறுப்பர்களுக்கான கல்லூரி அணியை வளர்த்தார். 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுக்கக் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ட்யூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணி மறைவாகக் காரில் வந்து அந்தக் கல்லூரி அரங்கில் இறங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடுவதே அங்கே ஆபத்து. கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். 88க்கு 44 என்று கறுப்பர் அணி ஜெயித்தது. அதோடு முடியவில்லை. இரண்டு அணியையும் கலந்து பிரித்து இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். அப்புறம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். வெளியுலகம் பரவலாக இதை அறிந்தது 1996இல், 52 வருசம் கழித்து.

இந்த ஆட்டத்தை நான் ஆயிரம் முறை மனசுக்குள் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது ஆட்டத்தை நினைக்கும்போதெல்லாம் என் தோழனின் தாழ்வாரத்து இலை குறுக்கே வருகிறது. உள்ளே இருந்தவர்களில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், தன் இலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால்?

1966 மார்ச் 19 அன்று கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிப் போட்டியில் டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி ஐந்து கறுப்பின ஆட்டக்காரர்களோடு ஆட்டத்தைத் தொடங்கி, வெள்ளையர்கள் மட்டுமே கொண்ட கென்டக்கி அணியை 72க்கு 65 என்று வென்றது. அதன்பிறகு தெற்கு மாநிலக் கல்லூரிகள் மெல்ல மெல்லக் கதவைத் திறந்தன. திறந்தது அன்பினால் மட்டும் அல்ல, ஜெயிக்க வேண்டுமே என்பதனாலும்தான். உள்ளே விட்ட பிறகும் 'அமெச்சூர்' என்று ஒரு விதி இருந்தது. மாணவன் காசுக்கு ஆடக் கூடாது. கல்லூரிகள் தொலைக்காட்சியில் கோடி கோடியாகச் சம்பாதித்தபோது ஆடியவனுக்குக் கிடைத்தது படிப்புச் செலவும் சாப்பாடும். 2021 ஜூலையில்தான் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க மாணவர்களை விட்டார்கள். இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: வெட்டி. சாவுக்குப் பறை அடிக்கக் கூலி கேட்கக் கூடாது, செத்த மாட்டைத் தூக்கக் கூலி கேட்கக் கூடாது. அது உன் கடமை, உன் பெருமை என்றார்கள். பெருமை என்று சொல்லி வேலை வாங்குகிற எந்த இடத்திலும் கூலியைப் பற்றி நாம் கேட்க வேண்டும்.

5

நம் நாட்டில் அமெச்சூர் கூடைப்பந்து என்றால் வேலை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று அணிகள் எல்லாம் வேலை கொடுக்கும் இடங்கள். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கும், கோயம்புத்தூரில் நடக்கும் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கும் போனவர்களுக்குத் தெரியும். ராத்திரி விளக்கு வெளிச்சம், மரப்படியில் கூட்டம், கடலைப் பொட்டலம், "டிஃபென்ஸ், டிஃபென்ஸ்" என்று கத்தல். பார்க்கிறவனுக்குத் திருவிழா. ஆடுகிறவனுக்கு நேர்முகத் தேர்வு. ஒரு நல்ல சீசன், ஒரு பல்கலைக்கழக அணியில் இடம், அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, குடும்பம் தலைநிமிரும். ஆகவே பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தளத்தில் யாரை விடுகிறார்கள் என்பது பொழுதுபோக்குப் பிரச்சினை அல்ல. அது சோற்றுப் பிரச்சினை. என் தோழன் விற்றது ஷூவை மட்டும் அல்ல.

எங்கள் வளவில் மூன்று வருசத்துக்கு முன்னால் பசங்க ஒரு வளையம் மாட்டினார்கள். நாமக்கல்லில் லாரிப் பட்டறைக்கு வேலைக்குப் போகிற பையன் ஒருத்தன் கம்பியை வளைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தான். லாரி பாடிக்குப் போட்டு மிஞ்சிய பலகைதான் போர்டு. மண் தரையில் பந்து ஒழுங்காகத் துள்ளாது. அதனால் எங்கள் பசங்க தட்டிக்கொண்டு ஓடுவது குறைவு, கைக்குக் கை பாஸ் கொடுப்பது அதிகம். பொண்ணுங்களும் ஆடுகிறார்கள். பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு தூரத்திலிருந்து போடுவதைப் பார்த்தால் எனக்கு விடுதித் தோழன் ஞாபகம் வருகிறது.

வலை யார் போடுவது என்று பேச்சு வந்தது. கடையில் நூற்றைம்பது ரூபாய்தான், வாங்கிவிடலாம் என்றார்கள். நான் வீட்டுக்குப் போய் அப்பனிடம் கேட்டேன். கண் சரியாகத் தெரியாது இப்போது, செருப்புத் தைப்பதையும் விட்டுவிட்டார். "நூல் வாங்கியா" என்றார். நான்கு நாள் ஆயிற்று முடிக்க. ஏணியில் ஏற வேண்டாம், நாங்க கட்டிக்கிறோம் என்று பசங்க சொல்லியும் கேட்கவில்லை, ஏறினார். ஏணியைக் கீழே நான் பிடித்துக்கொண்டேன். "இது எங்கப்பன் முடிஞ்ச வலை. பள்ளிக்கூடத்துக்கும் இவர்தான் முடிஞ்சு குடுத்தார்" என்று பசங்களிடம் சொன்னேன். சொல்ல எனக்கு இருபது வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இறங்கியதும் அந்தப் பொண்ணு பந்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "காத்து கம்மி" என்றார்.

வளவுக்குப் பக்கத்துப் புறம்போக்கில் சிமெண்டுத் தளம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். ஊர்ப் பொது மைதானம் இருக்கிறதே, அங்கே ஆடலாமே என்று ஒரு அதிகாரி கேட்டார். அங்கே எங்கள் பசங்க ஆடப்போன அன்று என்ன நடந்தது என்பதை எழுத்தில் கொடுத்தோம். அதற்கு இன்னும் பதில் இல்லை.

இதைப் படிக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் மொழியில் விளையாட்டு வரலாறு என்று எழுதப்படுவது கோப்பை வாங்கியவர்களின் பட்டியல். மைதானத்துக்குக் கோடு போட்டவர், பந்து தைத்தவர், வலை முடிந்தவர், திறமை இருந்தும் முட்டி வலி என்று சொல்லிவிட்டுப் போனவர், இவர்களைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் நம் வீடுகளில் இவர்கள் இருக்கிறார்கள். கேட்டு எழுதுங்கள். இன்னும் 52 வருசம் காத்திருக்க வேண்டாம்.